பந்து கேட்டு நீட்டிய கை

அந்த ஞாயிற்றுக்கிழமை லண்டனில் எங்கள் கிரிக்கெட் அணியின் பதினொரு பேரும் வந்திருந்தோம். ஷிப்ட் மாற்ற ஆள் கிடைக்காமல் ஒன்பது பேரோடும் பத்துப் பேரோடும் ஆடிப் பழகிய அணிக்கு அது பெரிய விஷயம். பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை முடித்து நேரே வந்த பரா அண்ணை இருந்தார். விக்கெட் காப்பாளன் குகன் இருந்தான். கப்டன் இருந்தார். மடக்குக் கதிரையில், மடியில் ஸ்கோர் புத்தகத்தோடு கப்டனின் மனைவி இருந்தார். எதிரணியாகச் செவன் கிங்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பெடியள். எல்லைக்கோட்டுக்கு அப்பால் மரவாங்கில் உட்கார்ந்தபடி, வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் ஆங்கிலேயர், காலடியில் நாய். வராதவர் ஒரே ஒருவர்தான்: என்னைப் பார்க்க வருவார் என்று நான் நம்பியிருந்த, ஆங்கிலக் கிளப் ஒன்றின் ஆள். அவர் வரவில்லை என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கப்டனைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து நிற்கும். எழும்பிவிடுவேன்.

கப்டன் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். டூட்டிங் மீன்கடையில் அவரைக் கண்டால், கிரிக்கெட்டில் எத்தனை விக்கெட் என்றுகூடத் தெரியாத மாமிமார் "என்ன கப்டன் தம்பி, சுகமோ" என்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு. வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் கொடுத்த கடும் நீலக் கம்பளிச் சட்டையை எந்த வெயிலிலும் கழற்ற மாட்டார். துடுப்பெடுத்தாடுவதில் கடைசி ஆள். பந்து போடத் தெரியாது. நேரே கைக்கு வருகிற பிடியையும் விடுவார். புதிதாகச் சேருகிறவர்கள் ஒதுக்கமாக வந்து, உவர் எப்படிக் கப்டன் ஆனவர் என்று கேட்பார்கள். குகன் சிரிக்காமல் பதில் சொல்லுவான்.

"ஸ்ரம்ப்ஸ் அவரின்ரை. பாட் ரெண்டும் அவரின்ரை. காரும் அவரின்ரை. பிறகு வேறை ஆர் கப்டனா இருக்கிறது?"

உண்மையான காரணம் அதுவல்ல. ஒருவரை எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வேறு எதுவும் அவருக்கு அவ்வளவு தெரியாது.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற பந்துவீச்சாளனிடமிருந்து பந்தை எப்போது வாங்குவது என்பது எந்தக் கப்டனுக்கும் தலையிடி. முந்தி வாங்கினால் கிடைக்க இருந்த விக்கெட் போய்விடும். பிந்தினால் அவன் களைத்து அடி வாங்குவான், ஆட்டம் கையை விட்டுப் போகும். மற்ற அணிகளின் கப்டன்மார் இரண்டு மூன்று பௌண்டரி போகும்வரை பார்த்திருந்துவிட்டு ஓடி வருவார்கள். எங்கள் கப்டன் அப்படி இல்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் வருவார். பந்து போடுகிறவனுக்குப் பத்துக் காலடித் தூரத்தில்தான் எப்போதும் நிற்பார். ஓவர் முடிந்ததும் மெல்ல நடந்து வந்து, கடையில் மிச்சக்காசுக்கு நீட்டுகிற மாதிரி உள்ளங்கையை நீட்டி, போட்டது போதும் என்பார்.

"காணும் தம்பி. தாரும்."

பந்து கைக்கு வந்ததும் மற்றவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார்: "தம்பிக்குத் தோள் நோகுதாம். பரா, நீர் வாரும்."

யாருக்கும் தோள் நோவதில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் கணக்கில் எந்தப் பந்துவீச்சாளனும் நிறுத்தப்பட்டவன் அல்ல. தானாகக் கேட்டுப் போனவன். ஒரு கோடைக்குள் ஒருவனுக்கே தோள், முழங்கால், பெருவிரல், வயிறு எல்லாம் நொந்துவிடும். குகன் அதற்குக் 'கப்டன்ரை மெடிக்கல் சேர்ட்டிபிக்கேட்' என்று பெயர் வைத்திருந்தான்.

"மூண்டு விக்கெட் எடுத்தவனை நிப்பாட்டுற கப்டன் முழு லண்டனிலையும் நீங்கள் ஒராள்தான் அண்ணை" என்று ஒருநாள் அவன் முகத்துக்கு நேரே சொன்னான்.

"அடி வாங்கின பிறகு நிப்பாட்ட ஆருக்கும் தெரியும்" என்றார் கப்டன். "ஸ்கோரே சொல்லும், இவனை நிப்பாட்டு எண்டு. அதுக்கு என்னத்துக்கு ஒரு கப்டன்?"

"அப்ப உங்களுக்கு முந்தியே எப்பிடித் தெரியுது?"

"நான் பந்தைப் பாக்கிறேல்லை. பந்து போட்டிட்டுத் திரும்பிப் போறார் எல்லோ, அந்த நடையைப் பாக்கிறன். பிறகு கதை. வடிவாப் போடுறவன் கதைக்க மாட்டான். காத்துப் பிழை, சப்பாத்துப் பிழை, அம்பயர் பிழை எண்டு காரணம் சொல்லத் தொடங்கினா ஆள் முடிஞ்சுது. அது அவருக்கே இன்னும் தெரியாது."

ஆஸ்பத்திரியில் அவருக்குப் போர்ட்டர் வேலை. நோயாளிகளை வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கும், எக்ஸ்ரேயிலிருந்து வார்டுக்கும் தள்ளிக்கொண்டு போகிற வேலை. ஒருமுறை பந்து பட்டு வீங்கிய விரலோடு நான் அங்கே போய் வரிசையில் இருந்தபோது அவரைக் கண்டேன். அவர் என்னைக் காணவில்லை. ஒரு முதியவர் கைத்தடியோடு நடந்து வந்துகொண்டிருந்தார். தன்னால் நடக்க ஏலும் என்று நர்ஸோடு வாதாடிவிட்டு வந்திருக்க வேண்டும். முகத்தில் அந்த வெற்றி இன்னும் இருந்தது. அவருக்குப் பின்னால் கப்டன் வெறும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கை கொடுக்கவில்லை. நடைபாதை வளைகிற இடத்தில் திடீரென்று நாற்காலியை இரண்டு எட்டு முன்னால் விட்டு, முதியவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, குனிந்து தன் சப்பாத்தின் நூலைக் கட்டத் தொடங்கினார். முதியவர் நின்றார். நாற்காலியைப் பார்த்தார். சப்பாத்துக் கட்டுகிறவனுக்காகக் காத்திருப்பவர் போல அதில் இருந்தார். கப்டன் நிமிர்ந்து தள்ளிக்கொண்டு என்னைக் கடந்து போனார். அப்போதுதான் அவருடைய கால்களைப் பார்த்தேன். அவர் போட்டிருந்தது நூல் இல்லாத சப்பாத்து.

நல்லது, ஆள் கெட்டிக்காரர் என்று அன்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

கொண்டாட்டங்களிலும் அவர் இப்படித்தான். லூயிஷாமில் ஒரு பிறந்தநாள் விழாவில், மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கிற நேரம் வரைக்கும் மைக்கை விடாமல் பாடுகிற ஒருவர் இருந்தார். இரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் இன்னும் உண்மையாக இருக்கும்போதே கப்டன் சோடாக் கோப்பையோடு மேடையில் ஏறினார். "அண்ணைக்குத் தொண்டை வறண்டு போச்சாம்" என்று மைக்கில் சொன்னார். பாடகர் சோடாவை வாங்கிக் குடித்தார், மைக் வேறு கைக்குப் போனது. இறங்கிப் போகும்போது கப்டனின் முதுகில் தட்டி நன்றியும் சொன்னார்.

கப்டனின் மனைவி எனக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார்: "ஊரிலை உள்ள எல்லாரையும் நிப்பாட்டுவார் தம்பி. சோத்துக் கோப்பைக்கு முன்னாலை இருந்தால் மட்டும் காணும் எண்டு வாய் வராது."

அவரை நாங்கள் அக்கா என்போம். அக்காதான் எங்கள் ஸ்கோர் புத்தகத்தை எழுதினார். பென்சிலால், பொடி எழுத்தில், ஒரு புள்ளிகூடத் தவறாமல். கப்டன் ஒருவரிடம் பந்து கேட்டுக் கை நீட்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஆளின் ஓவர்களுக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு கோடு கீறுவார். அது ஏன் என்று நான் கேட்டதில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்குமிடையிலான ஏதோ என்று விட்டுவிட்டேன்.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது; என் பாடசாலை அறிக்கைகள் எல்லாவற்றிலும் அவருடைய பெருவிரல் மை இருக்கும். யாழ்ப்பாணச் சந்தையில் மூட்டை ஏற்றிய கைவண்டில் தள்ளுகிறவர். அந்த வண்டில் உழைத்துத்தான் நான் படித்தேன். லண்டனுக்கு வந்து, பகலில் கடையில் நின்று, மாலையில் புள்ளிவிபரவியல் படித்தேன். அதெல்லாம் பெருமையாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. ஓர் ஆட்டம் முடிந்து காரில் வரும்போது, கோலியர்ஸ் வுட் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, கப்டன் கேட்டார்.

"அப்பா என்ன செய்யிறவர் தம்பி?"

"வியாபாரம் அண்ணை."

"என்ன வியாபாரம்?"

"சாமான் ஏத்தி இறக்கிறது. லொறி மாதிரி."

அவர் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். விளக்கு பச்சையானது. "நல்லது" என்றார். பிறகு அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

அணியில் முதல் ஓவர் போடுகிறவன் நான்தான். வேகமாகப் போடுவேன். ஆறாவது ஓவரிலோ ஏழாவது ஓவரிலோ அவருடைய கை நீளும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கோடை முழுக்க அக்காவின் புத்தகத்தை இரவல் வாங்கி, என் ஒவ்வொரு ஓவரையும் எடுத்து, கட்டத்தாளில் வரைபடம் கீறினேன். எட்டாவது ஓவருக்குப் பிறகு நான் கொடுக்கிற ஓட்டம் கூடவில்லை, குறைகிறது என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஆட்டத்தன்று காரின் பின்கதவைத் திறந்து வைத்து அக்கா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கப்டனிடம் அதை நீட்டினேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். விளங்காமல் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"வடிவாக் கீறியிருக்கிறீர்" என்றார். "ஆனா தம்பி, நான் உம்மை நிப்பாட்டின நாளுகள் இதிலை எங்கை?"

"அண்டைக்கு நான் போடேல்லைத்தானே அண்ணை. போடாத ஓவரை எப்பிடிக் கீறுறது?"

"ஓம். அதைத்தான் சொல்லுறன். உம்மடை நடை நல்லா இருந்த நாளிலைதான் எட்டாவது ஓவருக்கு விட்டிருக்கிறன். இல்லாத நாளிலை விடேல்லை. அப்ப எட்டாவது ஓவர் எப்பவும் நல்லாத்தானே இருக்கும்."

தாளை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார். "வைச்சிரும். படிப்புக்கு உதவும்."

அடுத்த தவணையில் எங்கள் விரிவுரையாளர் இதே விஷயத்தை இரண்டு மணித்தியாலம் படிப்பித்தார். கவனமாகக் குறிப்பெடுத்தேன். கப்டனின் ஞாபகம் எனக்கு வரவில்லை.

அந்த ஞாயிறு அரையிறுதி. அணி ஒன்பது கோடையாக ஆடியதில், அவ்வளவு தூரம் நாங்கள் வந்தது அதுதான் முதல் தடவை. இறுதிப் போட்டி பெவிலியன் உள்ள ஓர் உண்மையான மைதானத்தில். எங்களுடையது கவுன்சில் மைதானம். கார்க் கதவுகளைத் திறந்து, துவாயைப் பிடித்து மறைத்து, அதற்குப் பின்னால் நின்று உடுப்பு மாற்றுவோம். கப்டன் வேறு ஒன்றுக்கும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒருக்கா எண்டாலும் படியேறிப் போய் உடுப்பு மாத்துவம்." அக்கா அவருக்கு ஒரு புது வெள்ளைக் காற்சட்டை வாங்கி வைத்திருந்தார். இறுதிப் போட்டிக்கென்று.

எனக்கு வேறு ஆசை. ஆங்கிலக் கிளப் ஒன்றுக்குக் கடிதம் எழுதியிருந்தேன். முடிந்தால் யாராவது வந்து பார்ப்பார்கள் என்று பதில் வந்திருந்தது. அதில் 'முடிந்தால்' என்பதை நான் வாசிக்கவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. மரவாங்கில் வெள்ளைத் தொப்பியைக் கண்டதும், அவர்தான் என்று முடிவெடுத்தேன். ஐந்து விக்கெட் எடுக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தேன். நான்கு என்றால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் முதலில் ஆடி நூற்றைம்பத்தொன்று எடுத்தோம். அவர்களுக்கு முப்பது ஓவர். ஒருவர் இத்தனை ஓவர்தான் போடலாம் என்ற கட்டுப்பாடு அந்தப் போட்டியில் இல்லை. ஒரு முனையிலிருந்து நான் விடாமல் போட்டேன். பதினாறு ஓவர் முடிந்தபோது அவர்கள் ஐம்பத்தெட்டு, ஐந்து விக்கெட் போய்விட்டது. அதில் என்னுடையது எட்டு ஓவர், பத்தொன்பது ஓட்டம், நான்கு விக்கெட். அவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் போட்டதில்லை.

பதினேழாவது ஓவருக்குப் பந்தை எடுத்துக்கொண்டு போனபோது, கால் வைக்கிற இடம் சறுக்குகிறது என்று அம்பயரிடம் சொன்னேன். பந்து நனைந்திருக்கிறது, நீ வடிவாய்த் துடைக்கவில்லை என்று குகனிடம் சொன்னேன். முழுப் பகலும் வாய் திறக்காதவன், இரண்டு நிமிடத்தில் இரண்டு காரணம் சொல்லிவிட்டேன். பத்துக் காலடித் தூரத்தில் நின்றவருக்கு இரண்டும் கேட்டிருக்கும்.

அவர் நடந்து வந்தார். கை நீண்டது.

"காணும் தம்பி. தாரும்."

நான் கொடுக்கவில்லை. கொடுப்பேன் என்ற நம்பிக்கையில் அவர் வழக்கம்போல் மற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். "தம்பிக்குத் தோள் நோகுதாம். பரா, நீர்..."

"எனக்கு ஒரு நோவும் இல்லை" என்றேன்.

குகன் ஓடி வந்தான். "மச்சான், குடடா பந்தை."

"நாலு விக்கெட் எடுத்திருக்கிறன். பத்தொன்பது ரன்தான் குடுத்தனான். எந்தக் கணக்கிலை அண்ணை என்னை நிப்பாட்டுறியள்?"

"கணக்கு இல்லை தம்பி" என்றார் கப்டன், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "உம்மடை நடை..."

"நடையோ? நான் புள்ளிவிபரம் படிக்கிறவன். இது ஆஸ்பத்திரியிலை வண்டில் தள்ளுற வேலை இல்லை அண்ணை, நடையைப் பாத்துச் செய்ய."

அவர் மெதுவாகப் பேசினார். நான் அப்படிப் பேசவில்லை. எங்கள் பத்துப் பேருக்கும் கேட்டது. செவன் கிங்ஸ் பெடியன் துடுப்பால் நிலத்தைத் தட்டுகிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான். எல்லைக்கோட்டுக்கு அப்பால் மடக்குக் கதிரையில் அக்காவின் பென்சில் நின்றது.

கப்டனின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. பிறகு அவர் உள்ளங்கையில் ஏதோ ஒட்டியிருப்பது போல் அதைப் பார்த்தார். நீலச் சட்டையில் துடைத்தார்.

"சரி. நீங்கள் போடுங்கோ" என்றார்.

மூன்று வருடமாக என்னை 'நீர்' என்று உரிமையோடு சொல்லி வந்தவர். தம்பி என்ற சொல்லும் அதில் இல்லை. திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றார்.

அந்த ஓவரில் பதினான்கு போனது. முதல் பந்தே பௌண்டரி. கால் கனத்தது. நான் வாங்கில் இருந்த தொப்பியைப் பார்த்தேன். அது இந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. மற்ற முனையில் ஓர் ஓவர் முடிந்து பந்து மறுபடி என்னிடம் வந்தது. பதினாறு போனது. குகன் கையுறையைக் கழற்றிக்கொண்டு கப்டனிடம் ஓடினான்.

"கப்டன், நிப்பாட்டுங்கோ. மட்ச் போகுது."

"அவர் தரட்டும். நான் கேக்க மாட்டன்."

கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு பந்துக்கு முன்னும் கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால் நான் சொன்ன சொல் மட்டும்தான் அந்த மைதானத்தில் மிஞ்சியிருக்கும். ஒரு விக்கெட் எடுத்தால் அது மூடுபட்டுவிடும் என்று நினைத்தேன். ஓடி வந்து போட்டேன். அடித்தார்கள். மூன்றாவது ஓவரில் ஒரு பந்து வேலிக்கு மேலால் பறந்து ஆற்றங்கரைப் பற்றைக்குள் விழுந்தது. அதைத் தேடப் போனவர்கள் திரும்பி வரும்வரைக்கும் நான் நடுவில் தனியே நின்றேன். யாரும் பக்கத்தில் வரவில்லை. அந்த ஓவரில் பதினேழு.

ஓவர் முடிந்ததும் நானே கப்டனிடம் நடந்து போனேன். பந்தை நீட்டினேன். அவர் வாங்கினார். மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்குத் தோள் நோகுதாம்" என்றார், எல்லோருக்கும் கேட்க. "பரா, நீர் வாரும்."

எப்போதும் சொல்கிற அதே குரல். குத்தலுக்குச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். குகன்கூடச் சிரிக்கவில்லை. நான் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்குப் போய் நின்றேன். உண்மையாகவே பிடித்துக்கொண்டு போனேன். அவர் தந்த பொய்யை விட்டால் மறைக்க என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

பரா அண்ணையும் மற்றவர்களும் உயிரைக் கொடுத்துப் போட்டார்கள். இன்னும் மூன்று விக்கெட் எடுத்தார்கள். கடைசி ஓவரின் முதல் பந்தில், எட்டு விக்கெட் போன நிலையில், செவன் கிங்ஸ் பெடியள் வென்றார்கள்.

நான் நேரே மரவாங்குக்குப் போனேன். வந்ததற்கு நன்றி, இன்றைக்குத் தோள் கொஞ்சம் சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வெள்ளைத் தொப்பிக்காரர் என்னைக் குழம்பிப் பார்த்தார். ஆட்டம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். தனக்குக் கிரிக்கெட் அவ்வளவாகப் பிடிக்காது என்றார். நாய்க்கு வயதாகிவிட்டது, இதற்கு மேல் அதை நடத்தக்கூடாது, அதுதான் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார்.

காரடியில் கப்டன் ஸ்ரம்ப்ஸைப் பையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "வாங்கோ, விட்டிட்டுப் போறன்" என்றார். ரயிலில் போகிறேன் என்றேன். "தோளுக்குச் சுடுதண்ணி ஒத்தணம் குடுங்கோ" என்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அடுத்த ஆட்டத்துக்கு அந்தக் கார் வந்தது. அக்கா மட்டும் இறங்கினார். பின்கதவைத் திறந்து பாட், ஸ்ரம்ப்ஸ், பந்துப் பை எல்லாவற்றையும் புல்லில் இறக்கி வைத்தார்.

"கப்டன் எங்கை அக்கா?" என்று குகன் கேட்டான்.

"அவருக்குக் காணுமாம்."

குகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பரா அண்ணை பார்க்கவில்லை. அக்கா ஸ்கோர் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"இது உங்களிட்டை இருக்கட்டுமாம். படிச்ச ஆளாம். இனி நீங்கள்தான் கப்டனாம்." காரின் பின்கதவைச் சாத்தினார். "அவர் உங்களைப் பிழை சொல்லேல்லை. நான்தான் சொல்லுறன்."

அடுத்த கோடை முழுக்க நான் கப்டனாக இருந்தேன். பந்து போடுகிறவர்களின் நடையைப் பார்க்க முயன்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடி விழுந்த பிறகு ஓடினேன். பெவிலியன் உள்ள மைதானத்தில் நாங்கள் ஒருநாளும் ஆடவில்லை. அந்த வெள்ளைக் காற்சட்டை என்ன ஆனது என்று தெரியாது.

கப்டனை ஒருதரம் ஆஸ்பத்திரியில் கண்டேன். நண்பன் ஒருவனைப் பார்க்கப் போயிருந்தேன். நடைபாதையில் எதிரே ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஒரு பெண் கண்ணை மூடியபடி இருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலியை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைத்தார்.

"தோள் எப்பிடி இருக்கு?"

நான் இரண்டு வருடமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஒரு வசனம் இருந்தது. எங்கள் அப்பா கைவண்டில் தள்ளுறவர் அண்ணை என்று அது தொடங்கும். அவர் நாற்காலியோடு என்னைக் கடக்க ஐந்தாறு எட்டு ஆகியிருக்கும். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது.

"இப்ப பரவாயில்லை அண்ணை" என்றேன்.

"நல்லது" என்றார். போய்விட்டார். லொறி மாதிரி என்று நான் சொன்ன அன்றைக்கும் இதே 'நல்லது'தான்.

அதற்குப் பிறகு அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டு அறிய எனக்கு முகம் இல்லை.

புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தில் என் பெயருக்கு நேரே எட்டு ஓவர்கள், பெரும்பாலும் ஓட்டம் போகாத பந்துக்கு வைக்கிற புள்ளிகள். எட்டாவது ஓவருக்குப் பக்கத்தில் அக்காவின் மெல்லிய பென்சில் கோடு. கப்டன் கை நீட்டிய கணத்தில் கீறியது. மற்றப் பக்கங்களில் அந்தக் கோட்டுக்குப் பிறகு வெறும் தாள்தான் இருக்கும். இதில் மட்டும் மூன்று ஓவர் இருக்கிறது. கோட்டுக்கு முன்னால் இருப்பதைக் கூட்டிப் பத்தொன்பது என்று எழுதியிருக்கிறார். பின்னால் இருப்பதைத் தனியாகக் கூட்டியிருக்கிறார். பதினான்கு, பதினாறு, பதினேழு. அடியில், பென்சில் கொஞ்சம் அழுந்தி, நாற்பத்தேழு.